நாக்கு என்றுதான் சொன்னார்

என் வீட்டுக்காரருக்கு நோய் தொடங்கியது பெரட்டுக் களத்தில். பெரட்டு என்பது எங்கள் மலாய் நாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் காலையில் கிராணி (தோட்டத்துக் கணக்கர்) பேர் வாசித்து, ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்புகிற கூட்டம்.

அன்றைக்கு அவர் பேரை வாசித்தாயிற்று. அவரும் "இருக்கேன்யா" என்று சொல்லிவிட்டார். கிராணி பத்துப் பேரைத் தாண்டிப் போன பிறகு, யாரும் கூப்பிடாமலே, மறுபடியும் "இருக்கேன்யா" என்றார். களமே சிரித்தது. கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு பெண்கள் வரிசையில் நின்ற நானும் சிரித்தேன்.

மறுநாள் மூன்று தடவை சொன்னார். அதற்கடுத்த நாள் ஃபேக்டரிக்குள்ளேயே ஆரம்பித்துவிட்டது. அவருக்குக் கொழுந்தைக் கசக்குகிற ரோலர் மெசினில் வேலை. மெசின் ஓடுகிற சத்தத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, "இருக்கேன்யா, இங்கதான் இருக்கேன்" என்று நாள் முழுக்கப் பதில் சொல்லியிருக்கிறார்.

"என்னாலா, மெசினு ஒன்னைய பேர் சொல்லிக் கூப்புடுதா?" என்று வேலையை மேற்பார்க்கிற மண்டோர் கேலி பண்ணினாராம்.

"மெசினு இல்லண்ணே. மெசினுக்குப் பின்னால நிக்கிறவங்க" என்றாராம் இவர்.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

இது நடந்தது எழுபதுகளின் கடைசியில். இத்தனை வருஷம் கழித்து ஏன் எழுதுகிறேன் என்றால், போன மாதம் பிரிஞ்சாங் சந்தையில் ஓர் அம்மாளைப் பார்த்தேன். அவர் மகனுக்கும் இதே நோய், இதே ஊசி. பையன் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் அவன் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் இருந்தால் அதைப் பிழையென்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் நாங்கள் போனது கோயிலுக்கு. எலுமிச்சம்பழம் சுற்றினோம், தாயத்துக் கட்டினோம், மாரியம்மனுக்குத் தீச்சட்டி நேர்ந்துகொண்டேன். அதில் எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் அவளிடம்தான் சொல்லுவேன், பிறகுதான் மருந்து. ஆனால் அவர் காதில் விழுந்த குரல்கள் நிற்கவில்லை. சோற்றில் நான் எதையோ கலக்கிறேன் என்று அந்தக் குரல்கள் சொல்லின. தட்டைத் தள்ளிவிட்டு, மழையில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே போய் நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். தோட்டத்து வேனில் ஏற்றி, மலைக்குக் கீழே இருக்கிற பெரிய மனநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அந்த ஆஸ்பத்திரி இருக்கிற ஊரின் பேரை நான் எழுதப்போவதில்லை. எங்கள் பக்கம் அந்த ஊர்ப் பேரே ஒரு வசவு. குழந்தைகள்கூடச் சண்டையில் அதைச் சொல்லித்தான் திட்டும். நீளமான நடைபாதை, இரண்டு பக்கமும் கம்பிச் சன்னல். முகப்பில் அவர் பேரைக் கேட்டார்கள். கட்டியவர் பேரை நான் வாயால் சொன்னதில்லை. அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். "வாய் இல்லையா?" என்று கேட்டான் அங்கிருந்தவன்.

ஸ்கிசோஃப்ரீனியா (மனச்சிதைவு: இல்லாத குரல் கேட்பது, இல்லாத பகை தெரிவது) என்று சொன்னார்கள். ஏழு வாரம் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது மெலிந்திருந்தார், நடை மெதுவாகியிருந்தது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா நின்றார்.

"என்னங்க?"

"யாரும் கூப்புடல" என்றார். குழந்தை முதல்முறையாகக் கடலைப் பார்த்ததுபோல ஓர் ஆச்சரியம் அந்த முகத்தில். "எவ்ளோ அமைதியா இருக்கு, தெரியுமா."

ஆகையால் மருந்தின்மேல் எனக்குக் கோபமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீச்சட்டி நேர்ந்தும் அடங்காத குரலை அந்த ஊசி அடக்கியது. அம்மன்தான் அந்த மருந்தைக் கண்டுபிடித்தவனுக்குப் புத்தி கொடுத்தாள் என்று நான் நம்புகிறேன். என் கோபம் வேறு.

ஆஸ்பத்திரியில் ஒரு காகிதம் கொடுத்திருந்தார்கள். அதில் இரண்டு வரி இங்கிலீஷில் எழுதியிருந்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. எழுதிய டாக்டருக்குத் தமிழ் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை. எங்கள் தோட்டத்து மருந்தகத்தில் ட்ரெசர் ஒருவர் இருந்தார். வெட்டுக்காயம், காய்ச்சல், பிரசவம் எல்லாவற்றுக்கும் அவர்தான். அவரிடம் காகிதத்தைக் கொடுத்தேன்.

முதல் வரி ஊசி. ஃப்ளூஃபெனசின் (குரல்களை அடக்கும் மருந்து, எண்ணெயில் கரைத்து மாதம் ஒருமுறை இடுப்பில் போடுவது). அதைப் போட்டார்.

"ரெண்டாவது வரி என்னாங்கய்யா?"

"அது ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. நம்ம ஸ்டோர்ல இல்ல. பரவால்ல, சத்து மாத்திரை மாதிரி சும்மா கூட எழுதுறதுதான். ஊசிதான் முக்கியம்."

படித்தவர் சொன்னார். கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அது ஒரு புதன்கிழமை. அந்த வெள்ளிக்கிழமை ஆடி வெள்ளி.

வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் கோயிலில் ஆடி வெள்ளி என்றால் மத்தியானம் கூழ் ஊற்றுவோம். துரைவீட்டுச் சமையல்காரர் முதல் களை பிடுங்குகிற கிழவர் வரை எல்லாரும் வந்துவிடுவார்கள். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு கூட்டத்துக்கு வருவது அதுதான் முதல் தடவை. தூணோரமாகத் தனியாக உட்கார்ந்திருந்தார். யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. உட்காராததைப் பார்த்தும் பார்க்காததுபோல நான் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

உடுக்கை அடித்து அம்மனை அழைக்கிற நேரம். அவர் கழுத்து மெல்ல இடது பக்கமாகத் திரும்பியது. கையால் தாடையைப் பிடித்து நேராக்கப் பார்த்தார். முடியவில்லை. தலை பின்னால் சாய்ந்தது. கண் இரண்டும் மேலே ஏறி, கூரையைப் பார்த்து நின்றன. பிறகு வாய் திறந்து நாக்கு வெளியே வந்தது. முழுசாக, தாடை வரைக்கும்.

உடுக்கை சத்தம், மேலேறிய கண், வெளியே நீட்டிய நாக்கு. அதைப் பார்த்த ஒரு தமிழ்ச் சனத்துக்கு வேறென்ன தோன்றும், சொல்லுங்கள்.

"காளியாத்தா வந்துட்டாடி!" என்று கத்தினாள் பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா.

கொஞ்சம் முன்புவரை அவர் பக்கத்தில் உட்காராத சனம் அத்தனையும் அவர் காலில் விழுந்தது. நானும் விழுந்தேன். கூழ்க் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் விழுந்தேன். தீபாவளிக்குத் தீபாவளி புருசன் காலில் விழுகிறவள்தான். அது வேறு. அன்றைக்கு நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவே பயந்தேன். பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அவர் என்னவோ சொல்ல முயன்றார். நாக்கு வெளியே நிற்கும்போது சொல் எங்கே வரும்? "நா... உ... நா... உ..." என்று தொண்டையிலிருந்து வந்தது.

"நாலு! ஆத்தா நாலுங்குது!" என்றாள் அஞ்சலை அக்கா.

"எத்தன தடவ சொல்லுச்சு? எவனாச்சும் எண்ணுனீங்களாடா?"

"நாலு தடவ நாலுன்னுச்சு மாமா!"

"அஞ்சு தடவலா."

"நடுவுல ஒன்னு இருமலு. அதச் சேக்காத."

சிரிப்பு வருகிறதா? வாசிக்கிற உங்களுக்கு வரலாம். ஒரு மனுசன் கழுத்து முறிகிற வலியில் கத்துகிறான், சுற்றி நின்று லாட்டரி நம்பர் எழுதுகிறார்கள். பூசாரி ஒரு படி மேலே போனார். வந்திருப்பது உண்மையான அம்மன்தானா என்று சோதிக்க, கற்பூரத்தைக் கொளுத்தி அந்த நாக்கில் வைத்தார். உண்மையான அருள் வந்தவர் வாயை மூடி விழுங்கிவிடுவார், நெருப்பு அணைந்துவிடும். இவரால் வாயை மூட முடியவில்லை. அது நாக்கிலேயே எரிந்து அடங்கியது.

"சத்தமே போடல பாரு. சத்திய தெய்வம்" என்றார் பூசாரி.

நான் பக்கத்தில்தான் நின்றேன். கைகூப்பிக்கொண்டு நின்றேன். யார்மேல் கோபம் என்று கேட்டால் நான் முதலில் கைகாட்டுவது அங்கே நிற்கிற அந்தப் பெண்ணைத்தான்.

மாலையில் கழுத்து இளகியது. வீட்டுக்குக் கூட்டிவந்து படுக்கவைத்தேன். நாக்கு வெந்து கொப்புளமாகியிருந்ததால் மூன்று நாள் அவர் பேசவில்லை. மௌன விரதம் என்று லயம் முழுக்கப் பேசிக்கொண்டது. நானும் அப்படித்தான் சொன்னேன்.

வாய் ஆறியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "கழுத்து ரொம்ப வலிச்சுது புள்ள."

"சாமி வந்தா அப்பிடித்தாங்க இருக்கும்."

"சாமியா?" என்று கேட்டார். என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். இல்லாத குரலை இருக்கிறது என்று சொன்னவர் அவர். ஏழு வாரம் அடைபட்டு வந்தவர். தனக்கு என்ன நடந்தது என்று தானே சொல்கிற உரிமை அவரிடமிருந்து போய்விட்டிருந்தது. நாங்கள் நம்பவில்லை என்பது ஒரு பக்கம், அவரே தன்னை நம்பவில்லை.

இதற்குள் ரிங்லெட் டவுனில் லாட்டரி நம்பர் எடுத்தவன் ஒருவனுக்கு நாலில் முடிகிற ஏதோ ஒன்று விழுந்தும் விட்டது. அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைகளில் எலுமிச்சம்பழத்தோடு ஆட்கள் வாசலில் நின்றார்கள். அதுவரை நான் 'அந்த ஊருக்குப் போனவன் பொண்டாட்டி'. தண்ணீர்க் குழாயடியில் என் குடத்தைத் தள்ளிவைப்பார்கள். இப்போது 'சாமி வீட்டம்மா'. குழாயடியில் வழிவிட்டார்கள். அந்தச் சுகத்தை நான் அனுபவித்தேன். மறைக்கமாட்டேன். நோயாளியின் மனைவியாக இருப்பதைவிடச் சாமியின் மனைவியாக இருப்பது எவ்வளவு லேசு என்று அனுபவித்தவளுக்குத்தான் தெரியும்.

அடுத்த மாதம் ட்ரெசர் மறுபடியும் ஊசி போட்டார். வெள்ளை மாத்திரை அப்போதும் இல்லை. இரண்டு நாள் கழித்துக் காலையில், தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவரின் கண் மேலே ஏறியது. கோப்பை கீழே விழுந்தது. அஞ்சலை அக்கா எட்டிப் பார்த்துவிட்டுப் பூசாரியைக் கூப்பிட ஓடினாள்.

எங்கள் வீட்டில் சுவரில் ஒரு காலண்டர் தொங்கும். ஊசி போட்ட நாளுக்கு நீலப் பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தேன். அம்மன் வந்த நாளுக்கு மஞ்சளைக் குழைத்து ஒரு பொட்டு வைத்திருந்தேன், புண்ணிய நாள் என்று. அன்றைக்கும் பொட்டு வைக்கத்தான் விரலில் மஞ்சளைத் தொட்டுக்கொண்டு போனேன். முந்தாநாள் கட்டத்தில் நீலக் கோடு. தாளைத் திருப்பினேன். போன மாதமும் நீலக் கோடு, நடுவில் ஒரு கட்டம் விட்டு மஞ்சள் பொட்டு.

அம்மனுக்கு ஆடி வெள்ளி தெரியும், தை வெள்ளி தெரியும். ட்ரெசர் ஊசி போடுகிற கிழமை அவளுக்கு எதற்கு?

திரும்பி அவரைப் பார்த்தேன். இந்தத் தடவை முகத்தைப் பார்த்தேன். அண்ணாந்த கண்ணிலிருந்து தண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் வழிந்துகொண்டிருந்தது. வலது கை என் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தது. குழந்தை பிடிக்கிற பிடி. இடது கை 'வேண்டாம் வேண்டாம்' என்று ஆடிக்கொண்டிருந்தது.

பூசாரி கற்பூரத் தட்டோடு உள்ளே வந்தார். கொளுத்தியாயிற்று. நான் உள்ளங்கையால் அதை அமுக்கி அணைத்தேன். தழும்பு இன்னும் இருக்கிறது.

"தங்கச்சி! ஆத்தா நிக்கிறா, என்ன காரியம் பண்ற?"

"ஆத்தா நிக்கலண்ணே. மனுசன் நிக்கிறாரு. வழிய விடுங்க."

"தெய்வ குத்தம் ஆயிரும். கொலமே அழிஞ்சிரும்."

"அழியட்டும்! உங்க நாக்க நீட்டுங்க, ஒரு துண்டு கற்பூரம் வைக்கிறேன். அழியுதா பாப்போம்!"

அப்படி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரும் என்று நான் நினைத்ததேயில்லை. அதுவும் பூசாரியைப் பார்த்து. பின்னால் அஞ்சலை அக்கா, "அவளுக்கும் புடிச்சிருச்சு" என்றாள்.

ரோட்டில் திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லோரி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தினேன். டிரைவர் ஒரு சீனர். இவர் முகத்தை ஒருமுறை பார்த்தார். முன்சீட்டில் இருந்த சாமான்களை எடுத்துப் பின்னால் எறிந்தார். வளைவுக்கு வளைவு இவர் தலை கண்ணாடியில் மோதியது. என் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன்.

டவுன் ஆஸ்பத்திரியில் அன்றைக்கு ஒரு மலாய் டாக்டரம்மா இருந்தார். சின்ன வயசு. இவரைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, என்ன மருந்து எடுக்கிறார் என்பது. இத்தனை நாளில் அந்தக் கேள்வியை யாருமே கேட்டதில்லை. ரவிக்கைக்குள் வைத்திருந்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். படித்துவிட்டு இரண்டாவது வரியின்மேல் விரலை வைத்தார்.

"இது எங்கே?"

ஸ்டோரில் இல்லை, சத்து மாத்திரை என்று சொன்னார்கள் என்றேன், எனக்குத் தெரிந்த மலாயில். டாக்டரம்மா காகிதத்தைக் கீழே வைத்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு ஊசியை ஏற்றிக் கையில் போட்டார். "உபாட் புஞ்யா பசால்" என்றார். மருந்தால் வந்த வினை என்று அர்த்தம்.

சுவரில் கடிகாரம் இருந்தது. பெரிய முள் மூன்று எண்ணைக் கடப்பதற்குள் கண் கீழே இறங்கியது. கழுத்து நேரானது. நாக்கு மெல்ல மெல்ல உள்ளே போய், வாய் மூடியது. என் கண் முன்னால், கால் மணி நேரத்தில். ஒரு மாதமாகத் தேங்காய் உடைத்துக் கும்பிட்ட சாமி.

அவர் தாடையைத் தடவிக்கொண்டார். எச்சிலை விழுங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"நாக்குன்னுதானடி சொன்னேன். நாக்கு, நாக்குன்னு. நாலுன்னா சொன்னேன்?"

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அன்றைக்கு நடந்த ஒவ்வொன்றும். உடுக்கை, கூட்டம், இருமலைச் சேர்க்காதே என்றது, கற்பூரம். நான் காலில் விழுந்தது. முழு நினைவோடு உள்ளே இருந்திருக்கிறார், பூட்டின வீட்டுக்குள் ஆள் இருப்பதுபோல.

டாக்டரம்மா மலாயில் நிதானமாக விளக்கினார். இதற்கு டிஸ்டோனியா (தசை தானாக இழுத்துப் பிடித்துக்கொள்வது) என்று பேர். குரலை அடக்குகிற மருந்து சிலருக்கு, அதிலும் ஊசி போட்ட முதல் சில நாட்களில், இப்படிக் கழுத்தையும் கண்ணையும் நாக்கையும் இழுக்கும். அதைத் தடுக்கத்தான் அந்த வெள்ளை மாத்திரை. பென்செக்சோல் (விறைப்பை இளக்கும் மருந்து). சத்து மாத்திரை இல்லை.

மறுநாள் காலையில் மருந்தகத்துக்குப் போனேன். காய்ச்சலுக்கு மருந்து வாங்க வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நல்லது, நாலு பேர் கேட்கட்டும் என்றுதான் பேசினேன்.

"ஐயா, அந்த மாத்திரைக்குப் பேரு என்னா?"

"எந்த மாத்திரம்மா?"

"சத்து மாத்திரை."

அவருக்கு விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது. "ஸ்டோர்ல இல்லாததுக்கு நான் என்னம்மா செய்ய? எழுதிக் கேட்டிருக்கேன், வரல. எனக்கு இந்தப் பைத்திய மருந்தெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?"

"தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேய்யா. நான் டவுனுக்குப் போயி வாங்கியிருப்பேனே. தெரியாததச் சத்துன்னு ஏன் சொன்னீங்க?"

அவர் கெட்டவர் இல்லை. என் இரண்டு பிரசவத்தையும் பார்த்தவர். ஆனால் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்ட அந்த ஒரு நிமிஷத்துக்காக என் புருசன் நாக்கு வெந்தது. நல்லவர் என்பதற்காக அதை நான் கழித்துவிட முடியாது.

லயத்தில் கோபம் என்மேல் திரும்பியது. 'வந்த சாமியை ஊசி போட்டு எறக்கிட்டா' என்றார்கள். குழாயடியில் என் குடம் பழையபடி பின்னால் போனது. அதெல்லாம் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது வேறு ஒன்று. அவர் இனி ஊசியே வேண்டாம் என்றுவிட்டார்.

மாதம் முடிந்தது. ஊசி நாள் வந்தது, போனது. நான் கெஞ்சினேன், அழுதேன். மசியவில்லை. இன்னும் இரண்டு வாரம் போயிற்று. ஒருநாள் பகலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். பின்கட்டில் அவர் குரல்.

"இருக்கேன்யா."

கீரையைப் போட்டுவிட்டு எழுந்தேன். போய்ப் பார்த்தேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தார்.

"ஊசி போட்டுக்கலாங்க. அந்த மாத்திரையோட. டாக்டரம்மாகிட்டயே போவோம்."

"ஊசி போட்டா சாமியாக்குறீங்க. போடலன்னா பைத்தியமாக்குறீங்க. நடுவுல மனுசனா இருக்க எனக்கு ஒரு எடம் இல்லையா?"

பக்கத்தில் உட்கார்ந்தேன். காதைப் பொத்தியிருந்த கையை எடுத்துவிட்டு அவரே சொன்னார்.

"வரேன். ஆனா ஒன்னு. எனக்கு என்ன ஆனாலும் என்கிட்ட கேளு. வாய் இழுத்துக்கிட்டா கையில எழுதறேன். பூசாரிகிட்ட கேக்காத, அஞ்சலைகிட்ட கேக்காத. என்கிட்ட கேளு. அப்புறம், இனிமே என் கால்ல விழாத. தீபாவளிக்கும் வேணாம். நீ குனிஞ்சா எனக்கு அந்தக் கற்பூரந்தான் ஞாபகம் வருது."

டாக்டரம்மா ஊசியின் அளவைக் குறைத்தார். வெள்ளை மாத்திரையை அவர் கையிலேயே கொடுத்து, எப்போது போட வேண்டும் என்று அவரிடமே சொன்னார், என்னிடம் இல்லை. ஊசி மருந்தைக் கரைத்திருப்பது நல்லெண்ணெயில் என்றும் சொன்னார். அம்மனுக்கு விளக்கேற்றுகிற அதே எண்ணெய். அதைக் கேட்டு அவர் சிரித்தார். "அப்ப நானும் வெளக்குதான்லா" என்றார். நோய் வந்த பிறகு அவர் சொன்ன முதல் வேடிக்கை அது.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். கால் ஓரிடத்தில் நிற்காமல் பரபரக்கும், நடந்துகொண்டே இருப்பார். காலையில் கை நடுங்கும், தேத்தண்ணி சிந்தும். குரல்கள் அறவே போகவில்லை. தூரத்து லயத்து ரேடியோ மாதிரி இருக்கிறது, என்ன சொல்கிறது என்று காதைக் கொடுக்காமல் விட்டுவிடலாம் என்கிறார். ரோலர் மெசினுக்கு அவரைத் திரும்ப எடுக்கவில்லை. நாற்றுமேடையில் தேயிலைக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை கொடுத்தார்கள். மெதுவாகச் செய்கிறார் என்று மண்டோர் ஏசினால், "கன்னு மட்டும் என்ன ஓடியா வளருது?" என்பார்.

என் சாமி நம்பிக்கை போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. அம்மன் வருவாள். வந்ததை நான் பார்த்திருக்கிறேன், வேறு ஆட்கள்மேல். ஆனால் ஒரு வருஷம் அவள் முன்னால் நின்று சண்டை போட்டேன். உன் பேரைச் சொல்லி என் புருசன் நாக்கில் நெருப்பு வைத்தார்களே, நீ அங்கேதானே இருந்தாய், ஒரு பல்லி சத்தமாவது கொடுத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். இன்றைக்கும் பதில் வரவில்லை. வரும்வரை கேட்பேன். கோபித்துக்கொள்ளவும் ஒரு சொந்தம் வேண்டுமே.

உங்கள் வீட்டிலும் இந்த நோய் இருந்தால் நான் சொல்வது இதுதான். மருந்தை நிறுத்தாதீர்கள். காகிதத்தில் எத்தனை வரி இருக்கிறதோ அத்தனை வரிக்கும் அர்த்தம் கேளுங்கள். 'சும்மா' என்று யாராவது சொன்னால் அவருக்குத் தெரியாது என்று புரிந்துகொள்ளுங்கள். நோயாளி வலிக்கிறது என்றால் வலிக்கிறது. அவர் காது பொய் கேட்கலாம். கழுத்து பொய் சொல்லாது. பிரிஞ்சாங் சந்தையில் பார்த்த அந்த அம்மாளிடம் இதைத்தான் சொன்னேன். திருநீறும் பூசுங்கள், பூசிவிட்டு அடுத்த லோரியைப் பிடியுங்கள் என்றேன். அவர் முறைத்தார். நானும் முறைத்தேன். பையனைப் பார்த்து, "தம்பி, வலிக்குதா?" என்று கேட்டேன். அவன் கண்ணை மூடித் திறந்தான். அதற்குப் பிறகு அந்த அம்மாள் என்னோடு ஆஸ்பத்திரி வரை வந்தார்.

என் மாதம் இப்போது மற்றவர்களின் மாதம்போல இல்லை. ஊசி போட்ட மூன்று நாள் எனக்குக் கிழமையே கிடையாது. சோறு வடிக்கும்போதும் துணி பிழியும்போதும் ஒரு கண் அவர் கழுத்தில் இருக்கும். மற்ற நாட்கள் மெதுவாக, அவர் நடக்கிற வேகத்தில் போகின்றன. மனுசர்களைப் பார்த்தால் முகத்துக்கு முன்னால் தாடையைப் பார்க்கிறேன். என் உடம்பும் அவர் உடம்பும் தனித்தனி என்பது எனக்குச் சில நேரம் மறந்துபோகிறது. அவர் விழுங்கினால் என் தொண்டை இறங்குகிறது.

நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பாயில் உட்கார்ந்திருந்தார். ஊசி போட்டு இரண்டாம் நாள். தலை பின்னால் சாய்ந்தது, வாய் அகலமாகத் திறந்தது. நான் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். எச்சில் கையோடு மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடி, அவர் முன்னால் மண்டிபோட்டு, "வலிக்குதா? என்னங்க, வலிக்குதா?" என்று கேட்டேன்.

அவர் வாயை மூடினார். கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கொட்டாவி புள்ள" என்றார். "போயி சாப்புடு."